டிசம்பர் சேலையும் ஜூன் மாதக் கடனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் சேலம் பக்கங்களில் கிறிஸ்தவ சபைகளும் பள்ளிகளும் ஏழைகளுக்குச் சேலை, போர்வை, ஐந்து கிலோ அரிசி வழங்கிய செய்திகள் வரத் தொடங்கும். கொடுப்பவர்களின் மனம் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் சேலத்திலும் ஏற்காட்டிலும் சபைகளின் வரவு செலவைப் பார்க்கிறவர்கள் என்ற முறையில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழைக்குக் கை முடங்கும் மாதம் ஒன்று, நாம் கை திறக்கும் மாதம் வேறொன்று. அவர்களுக்கு வேண்டிய உதவியும் நாம் கொடுக்கும் பொருளும் பல நேரம் பொருந்துவதே இல்லை.

ஏற்காட்டையே பாருங்கள். காப்பிப் பழம் எடுப்பு நவம்பர் கடைசியில் சூடுபிடித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அதையொட்டி மிளகு. மலையில் நாள்கூலிக்காரர்களுக்கு வேலை கிடைக்கும் காலம் அதுதான். கிறிஸ்துமஸ் உதவியும் சரியாக அப்போதே வந்து சேர்கிறது. எடுப்பு முடிந்த பிறகு, நிரந்தரத் தொழிலாளர் அல்லாதவர்களுக்கு வேலை வாரத்தில் சில நாட்களாகச் சுருங்கிவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்; நோட்டு, தையற்கூலி, பஸ் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மழை பிடித்துக்கொண்டால் தோட்ட வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கடன் வாங்கும் மாதம் அது. கீழே சேலத்தில் கணக்கு வேறு. மழைக்காலத்தில் அம்மாபேட்டை, குகை ஆகிய நெசவாளர் பகுதிகளில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்ட முடியாது, குழித்தறியில் தண்ணீர் ஊறும். வெள்ளி விலை திடீரென்று ஏறினால் கொலுசுப் பட்டறைகளில் ஆர்டர் நின்றுபோகும். ஆகவே ஏழைகள் நிதியில் டிசம்பருக்குக் கால் பங்குக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. மீதி முக்கால் பங்கு மே முதல் நவம்பர் வரைக்கும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது, எதைக் கொடுப்பது என்பது. பைபிளில் மோசேயின் நியாயப்பிரமாணம் என்ற சட்டத்தில் ஏழைகளைப் பற்றிய கட்டளைகளைச் சேர்த்துவைத்துப் படித்தால், வயல், கடன், அடகு, கூலி ஆகிய நான்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தானம் போடுவதைப் பற்றிய பேச்சு அதைவிடக் குறைவு. ஏழை ஏன் ஏழையாகவே கிடக்கிறான் என்பதை அந்தச் சட்டம் அறிந்து எழுதியிருக்கிறது.

முதலில் வயல். அறுவடையில் வயலோரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, உதிர்ந்த திராட்சைப் பழத்தை எடுக்காதே, அதை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். பைபிளில் வரும் ரூத் என்ற விதவை தன் மாமியாருக்குச் சோறு போட்டது இந்தச் சட்டத்தின் பேரில்தான். காப்பித் தோட்டத்தில் இதை அப்படியே செய்ய முடியாது. தரையில் விட்ட பழத்துக்குள் காய்த்துளைப்பான் வண்டு குடியிருந்து பெருகி அடுத்த மகசூலைத் துளைத்துவிடும். இந்தியாவில் அது முதலில் தென்பட்டது 1990-இல் கூடலூர்ப் பக்கம். அதன் பிறகு தமிழ்நாட்டுத் தோட்டக்காரர் யாருக்கும் அதன் அழிவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எனவே எடுப்பு முடிந்ததும் உதிர்ந்ததையும் செடியில் தப்பியதையும் பொறுக்கியே ஆக வேண்டும். ஆனால் நாள்கூலி கொடுத்துப் பொறுக்கவைத்தால் கிடைக்கும் பழத்தின் விலை கூலிக்கே கட்டாது. அதனால் முதலாளிகள் தள்ளிப்போடுகிறார்கள், வண்டு பெருகுகிறது.

இங்கே பழைய கட்டளை, தோட்டத்தின் தேவை இரண்டுக்கும் பொருந்தும் ஒரு வழி இருக்கிறது. பொறுக்கும் உரிமையைத் தோட்டத்து விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுத்து, பொறுக்கியது முழுதும் அவர்களுக்கே என்று விட்டுவிடலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: பொறுக்கிய பழத்தைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி, உள்ளே இருக்கும் வண்டைக் கொன்ற பிறகே காயப்போட வேண்டும். அந்தக் காப்பியைத் தோட்டமே அன்றைய விலைக்கு வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் இத்தனை கிலோ இவருக்குச் சொந்தம் என்று கையெழுத்திட்ட சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஓர் ஏழைப் பெண் காப்பி மூட்டையோடு மலையிறங்கினால் வழியில் திருட்டுப் பட்டம்தான் கிடைக்கும். கிறிஸ்தவத் தோட்ட உரிமையாளர்களும், தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவ நிறுவனங்களும் இதை வரும் எடுப்பிலேயே தொடங்கலாம். காசு செலவில்லை.

கடன் விஷயம் இதைவிடப் பெரியது. உன்னிடத்தில் கடன் வாங்கும் ஏழையிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22:25-இலும், லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. கி.பி. 325-இல் நிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் வட்டிக்குக் கொடுக்கும் குருமாரைப் பொறுப்பிலிருந்து நீக்கவே விதி செய்தது. இன்றைக்கு நம் சபைகளில் வட்டியைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அரிது. ஆனால் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை வட்டியால் நொந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தினத்தண்டல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் என்று பேச்சு. 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வாங்கினவர் '15 சதவீதம்தானே' என்று நினைப்பார். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக அவர் கையில் நிற்கும் கடன் 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால் 35 சதவீதம். ஆண்டுக்கு ஏறத்தாழ 129 சதவீதம். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தும் தண்டல் ஏன் நடக்கிறது என்றால், காலை ஆறு மணிக்குக் கேட்டால் ஏழு மணிக்குப் பணம் தருகிற வேறு ஆள் இல்லை. அந்த இடத்தில் சபை நிற்க வேண்டும்.

ஒரு லட்சம் ரூபாயில் ஒரு சபை என்ன செய்யலாம்? 400 ரூபாய் விலையில் 250 சேலை வாங்கி ஒரே நாளில் கொடுத்து முடிக்கலாம். அதே பணத்தை வட்டியில்லாக் கடனாக 20 குடும்பங்களுக்கு ஆளுக்கு 5,000 கொடுத்து, மாதம் 500 வீதம் பத்து மாதத்தில் திரும்பப் பெறலாம். முதல் மாதமே 10,000 திரும்பிவரும், அதில் இன்னும் இரண்டு கடன். இரண்டாம் மாதம் 11,000. வந்ததை வந்தவுடன் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனால், எல்லாரும் தவறாமல் கட்டும்பட்சத்தில், 12 மாதத்துக்குள் 57 கடன் கொடுத்திருக்கலாம். அசல் ஒரு லட்சமும் அப்படியே இருக்கும்.

எல்லாரும் தவறாமல் கட்ட மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும். இப்படிப்பட்ட நிதிகள் படுத்துப்போவதற்குக் காரணங்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். கமிட்டி உறுப்பினரின் உறவுக்காரர்களுக்கே கடன் போய்ச் சேரும். அவர்களிடம் கேட்க எவருக்கும் வாய் வராது. அதைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்துவார்கள். ஆகவே கமிட்டியில் இருப்பவரின் வீட்டாருக்கு அவர் பொறுப்பில் இருக்கும் வரை கடன் இல்லை என்பது முதல் விதியாக இருக்கட்டும். ஏற்கெனவே நான்கைந்து குழுக் கடன் சுமப்பவருக்கு இன்னொரு கடன் கொடுப்பது உதவி ஆகாது. அவருடன் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடைக்க மட்டும் பணம் கொடுக்க வேண்டும், அதையும் முடிந்தால் நேரே கடன் கொடுத்தவரிடம் கட்டி ரசீது வாங்கிவிட வேண்டும். நோயாலோ சாவாலோ ஒருவர் கட்ட முடியாமல் போனால் நிலுவை என்று ஆண்டுக்கணக்கில் ஏட்டில் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கமிட்டி கூடி, தீர்மானம் எழுதி, தள்ளுபடி செய்துவிட வேண்டும். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்லும் உபாகமம் 15-ஆம் அதிகாரம், விடுதலை வருஷம் நெருங்குகிறதே என்று கணக்குப் பார்த்துக் கையை மூடிக்கொள்கிறவனையும் அதே இடத்தில் கண்டிக்கிறது. தள்ளுபடிக்கென்று ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

சேவைக் கட்டணம், அபராதம், படிவச் செலவு என்று எந்தப் பெயரிலும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அடகும் கூடாது. உபாகமம் 24:6 மாவரைக்கும் எந்திரக் கல்லை அடகாக வாங்காதே என்கிறது, ஏனென்றால் அது ஒருவனுடைய பிழைப்பையே அடகு வாங்குவது. சேலத்தில் அந்த எந்திரக் கல் தறியாகவும் தையல் மெஷினாகவும் பட்டறைச் சாமானாகவும் இருக்கிறது. ரேஷன் கார்டையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கிவைத்துக்கொள்வதும் அதே பாவம்தான். அதே அதிகாரம் 10, 11 வசனங்களில், அடகு வாங்கப் போகிறவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்றும் இருக்கிறது. கடன்பட்டவன் வீட்டு வாசலுக்கு இத்தனை மரியாதை!

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வேரைப் பார்க்கலாம். 1846-47 பஞ்சக் குளிரில் ஜெர்மனியின் வெயர்புஷ் என்ற சிற்றூரில் ஊர்த்தலைவராக இருந்த ஃபிரெட்ரிக் ரைஃபைசன், பக்தியுள்ள புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர், ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் சங்கம் வைத்தார். வசதியுள்ளவர்களின் தர்மத்தால் மட்டும் கடன் தொல்லை தீராது என்று கண்டு, பின்பு ஹெடஸ்டார்ஃப் என்ற ஊரில் தாம் நடத்திய உதவிச் சங்கத்தை 1864-இல் உறுப்பினர்களே பொறுப்பேற்கும் கடன் சங்கமாக மாற்றினார். ஒருவரையொருவர் தெரிந்த சிறிய எல்லை, சம்பளம் வாங்காத பொறுப்பாளர்கள், எல்லாருக்கும் கூட்டுப் பொறுப்பு என்பவையே அதன் அடிப்படை. சென்னை மாகாண அரசுக்காக விவசாயக் கடன் நிலையை ஆராய்ந்த ஃபிரடெரிக் நிக்கல்சன் 1890-களில் கொடுத்த அறிக்கையில் இந்த முறையைத்தான் பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கியது. இன்று நகையை வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்க நம் விவசாயி போய் நிற்கும் சங்கத்துக்கு அது முன்னோடி. ஆகவே சபை தன் நிதியால் எட்ட முடியாத தொகைக்குத் தண்டல்காரரிடம் போகவிடாமல், அந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுவதும் ஏழைக்குச் செய்யும் தொண்டே.

இனி உண்டியல். ஏழைகளுக்கென்று போடப்படும் காசு தனி. அதைப் பொதுக் காணிக்கையோடு கலப்பதிலிருந்துதான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது. ஆராதனை முடிந்த அன்றே, ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேர் உட்கார்ந்து எண்ண வேண்டும். எந்த நோட்டு எத்தனை என்று சீட்டு எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மறு வேலைநாளில் வங்கியில் கட்ட வேண்டும், இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாத கணக்கில். இதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை. எருசலேமின் ஏழைகளுக்கு வசூலித்த பணத்தை அப்போஸ்தலர் பவுல் தனியாகக் கொண்டுபோக மறுத்தார். சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட அழைத்துக்கொண்டு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:20, 21). அப்போஸ்தலருக்கே அந்த விதி என்றால் நமக்கு எப்படி?

ஏழைகள் நிதியைத் தின்பது பெரும்பாலும் திருட்டு அல்ல, கட்டடம். கோபுரவேலை நடுவில் நிற்கிறது, மேஸ்திரிக்கு வாரக் கூலி கொடுக்க வேண்டும், 'அடுத்த மாதம் திருப்பிவிடலாம்' என்று கைமாற்று வாங்குவார்கள். அந்த அடுத்த மாதம் வராது. 5-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரித் திருச்சபை வருமானத்தை ஆயருக்கு, குருக்களுக்கு, ஏழைகளுக்கு, கட்டடத்துக்கு என்று நான்காகப் பிரித்துவைத்தது. ஏழைகளின் பங்கும் கட்டடத்தின் பங்கும் அப்போதே வெவ்வேறு பை. ஏழைகள் கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாற்றக் கூடாது என்று சபையின் ஆண்டுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும், பொருளாளரின் தலைவலியும் குறையும்.

யாருக்குக் கொடுப்பது என்பதை மேடையில் முடிவு செய்ய முடியாது, வீட்டில்தான் முடியும். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் பந்தியில் விட்டுப்போகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்ததும், அதற்கென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். யார் விடுபட்டார்களோ அவர்களிடமே பொறுப்பு கொடுக்கப்பட்டது. நம் கமிட்டிகளில் தறிக்காரர், தோட்டத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண் எத்தனை பேர் இருக்கிறார்கள்? 1833-இல் பாரிஸில் ஓசனாம் என்ற இளைஞரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையில் இருவர் இருவராக வீடு சந்திப்பது வழக்கம். கத்தோலிக்கப் பங்குகளில் அந்தச் சபையும் அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பக் கூட்டங்களும் இருக்கின்றன. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அன்பியத்துக்குத் தெரியும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தெரியும். போகும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வாடகை, கடன், மருந்து, சம்பாதிப்பவர் எத்தனை, ரேஷன் கார்டு எந்த வகை என்று கேட்டால் போதும். ஏட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். ஆண்டறிக்கையில் தொகை வரட்டும், பெயர் வரவே கூடாது. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற போதனை ஃபிளெக்ஸ் பேனருக்கும் பொருந்தும்.

வீட்டுக்குப் போனால் வேறொன்றும் தெரியவரும். பல வீடுகளில் பணத்தைவிடத் தாள்தான் தடை. கணவர் இறந்தால் 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. தாமதித்தால் கட்டணம், ஓராண்டு தாண்டினால் அலைச்சல். அந்த இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, விதவை உதவித்தொகையும் இல்லை. 2023-இல் அந்தத் தொகை மாதம் 1,000-இலிருந்து 1,200 ஆனது, ஆண்டுக்கு 14,400 ரூபாய். பெரும்பாலான சபைகளால் ஒரு விதவைக்கு ஆண்டுதோறும் இவ்வளவு கொடுக்க முடியாது. படித்த வாலிபர் ஒருவர் இரண்டு நாள் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூடப் போய்வந்தால் அது கிடைக்கும். மலையிலிருந்து அரசு மருத்துவமனைக்கு முப்பது கிலோமீட்டர் இறங்கிவரும் நோயாளிக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதா என்று முன்னமே பார்த்துவைப்பதும் இதில் சேரும். வீட்டார் எந்த மதம் என்பது இதில் எதற்கும் நிபந்தனை ஆகக் கூடாது. உதவியோடு துண்டுப்பிரதி கொடுப்பதும் வேண்டாம். இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு, அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்துவிட்டு, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். காயப்பட்டவனின் ஊரோ ஜாதியோ கேட்டதாக எழுதியிருக்கவில்லை.

தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலயப் பணி செய்யும் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது (உபாகமம் 14:28, 29). பவுல் தன் வசூலில் பத்தில் ஒன்று என்று கேட்கவே இல்லை. ஒருவனுக்கு உள்ளதின்படியே, இல்லாததின்படியல்ல என்றார். தண்டலுக்கு வாங்கிய பணத்தில் தசமபாகம் கொடுத்தால் நூறத்தனையாய்த் திரும்பிவரும் என்று கடனாளியிடம் பிரசங்கிப்பது கொடுமை. ஏழை விதவை தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட கதைக்கு முந்தைய வசனங்களை லூக்காவில் படித்தால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்தே பிரசங்கிக்க வேண்டும்.

கடைசியாகக் கூலி. தசமபாகத்துக்கு எப்போதும் மேற்கோள் காட்டப்படுவது மல்கியா 3:10. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் கூலிக்காரனின் கூலியில் வஞ்சனை செய்கிறவர்களுக்கு விரோதமாகக் கர்த்தர் தீவிரமான சாட்சியாக வருவார் என்கிறது. யாக்கோபு 5:4-உம் அதையே சொல்கிறது. சபைகளும், சபைகள் நடத்தும் பள்ளி, விடுதி, இல்லங்களும் முதலில் தங்கள் சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும். துப்புரவுப் பணியாளர், சமையற்காரர், வாட்ச்மேன், ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்குட்டியார் ஆகியோருக்கு மறு மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போகிறதா? குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா? பி.எஃப். பிடித்த பணம் கட்டப்பட்டதா? ஒப்பந்தக்காரர் மூலம் வைத்திருந்தால், அவர் கொடுப்பதாகச் சொல்வது உண்மையில் அவர்கள் கைக்குப் போகிறதா? வரும் ஏப்ரல் முதல் சபைகளின் ஆண்டுக் கணக்கில் 'சம்பள நிலுவை' என்றும் 'ஏழைகள் நிதி இருப்பு' என்றும் இரண்டு வரிகளைத் தனித்தனியாக அச்சிட்டு எல்லாருக்கும் கொடுக்கும்படி சேகரக் கமிட்டிகளையும் பங்குப் பேரவைகளையும் கேட்டுக்கொள்கிறோம். முதல் வரியில் பூஜ்யம் வராத சபை அந்த ஆண்டு சேலை வாங்க வேண்டாம், நிலுவையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சபை நிதிக்குழு உறுப்பினர்கள் சிலர்,
சேலம்.